எண்ணெயை உறைய வைத்து வண்டியை நிறுத்தலாமா?

"நீ சொல்வதெல்லாம் சரி தம்பி. பிரேக்கை மிதிக்காதபோது இந்த வண்டி ஓடுமா?"

ஏழு ஆண்டுகளுக்கு முன்னால், இன்ஜினியரிங் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நீட்டியபோது என் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்ட கேள்வி இது. காந்தத் திரவத்தால் இயங்கும் ஒரு பிரேக்கை கம்ப்யூட்டரில் டிசைன் செய்திருந்தேன். இரண்டு இரவு கண்விழித்துப் போட்ட கணக்கு. கம்ப்யூட்டரே "இதுதான் மிகச் சிறந்த டிசைன்" என்று விடை தந்திருந்தது. அதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தப்பு இருந்தது. கணக்கில் அல்ல, நான் கம்ப்யூட்டரிடம் கேட்ட கேள்வியில். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தக் கதை பயன்படும். உங்களிடம் உள்ள ஸ்பிரெட்ஷீட் புரோகிராமிலேயே இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதலில் அந்தத் திரவம் என்ன என்று பார்ப்போம்.

எண்ணெய் எப்படி உறைகிறது?

இதன் பெயர் மேக்னட்டோரியாலஜிகல் திரவம். சுருக்கமாக எம்.ஆர். திரவம் என்பார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. சிலிகான் எண்ணெய் போன்ற ஒரு எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புப் பொடியைக் கலந்திருப்பார்கள். ஒரு துகள் சில மைக்ரான் அளவுதான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவு புரியும். மொத்தக் கன அளவில் 20 முதல் 40 சதவீதம் வரை இரும்பு இருக்கும்.

சாதாரணமாக இது கெட்டியான பெயின்ட் போல ஓடும். காந்தப்புலம் பட்டதும் துகள்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தமாகி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலி சங்கிலியாக நின்றுவிடும். இது நடக்கச் சில மில்லிசெகண்டுகள் போதும். காந்தத்தை எடுத்தால் மறுபடியும் ஓடும்.

அந்தச் சங்கிலிகளை அறுத்துத் திரவத்தை நகர வைக்க ஒரு குறைந்தபட்ச விசை தேவை. அதற்கு யீல்டு ஸ்ட்ரெஸ் என்று பெயர். நல்ல எம்.ஆர். திரவத்தில் இது 50 முதல் 100 கிலோபாஸ்கல் வரை போகும். அதற்கு மேல் எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் ஏறாது. காரணம், இரும்புத் துகள்கள் ஏற்கக்கூடிய காந்தத்தை முழுவதும் ஏற்று நிறைந்துவிடும். இந்த எல்லையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கை. சமையல் எண்ணெயில் இரும்புத் தூளைக் கலந்து, அடியில் காந்தம் வைத்து இதைச் சிலர் வீட்டில் செய்து பார்ப்பதுண்டு. கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் மட்டும் செய்யாதீர்கள். இரும்புத் தூள் மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். சக்தி வாய்ந்த காந்தம் ஹார்டு டிஸ்க் பக்கத்தில் போகவே கூடாது.

ஹார்டு டிஸ்க்குக்கும் இதற்கும் ஓர் உறவு

எம்.ஆர். திரவத்தைக் கண்டுபிடித்தவர் ஜேக்கப் ராபினோ. அமெரிக்காவின் நேஷனல் பீரோ ஆப் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற அரசு ஆய்வகத்தில் இன்ஜினியராக இருந்தவர். இத்திரவத்தில் இயங்கும் காந்தக் கிளட்ச் பற்றி 1948ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1951ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே ராபினோதான் 1950களின் தொடக்கத்தில், காந்தப் பூச்சுள்ள தட்டுகளில் தகவலைப் பதியும் டிஸ்க் மெமரி ஒன்றையும் வடிவமைத்தார். அச்செழுத்தைத் தானே படிக்கும் இயந்திரத்தையும் உருவாக்கினார். ஹார்டு டிஸ்க், ஸ்கேன் செய்த பக்கத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர்., காந்தத் திரவம் என மூன்றின் ஆரம்பக் கதையிலும் அவர் பெயர் வருகிறது.

கிளட்சின் ஒரு பக்கத்தைச் சுழலாமல் இறுக்கிப் பிடித்துவிட்டால் அதுவே பிரேக். ஆனாலும் ராபினோ காலத்துக்குப் பிறகு இத்திரவம் பல ஆண்டுகள் பெரிதாகப் பேசப்படவில்லை. 1990களில் அமெரிக்காவின் லார்ட் நிறுவனம் தரமான திரவம் தயாரித்த பிறகுதான் பொருள்கள் கடைக்கு வந்தன. உடற்பயிற்சி சைக்கிளின் பெடலை இறுக்கமாக்கும் சிறு பிரேக் அவற்றில் முதலாவதாக வந்த ஒன்று.

பிரேக்குக்குள் என்ன இருக்கிறது?

இப்போது கார்களில் உள்ள டிஸ்க் பிரேக்கில், பெடலை மிதித்தால் குழாயில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தம் பெறும். அது கேலிபரில் உள்ள பேடுகளைத் தள்ளும். பேடுகள் சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வும். பேடு தேயும், மாற்ற வேண்டும்.

எம்.ஆர். பிரேக்கில் பேடு இல்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், மூடிய ஒரு டப்பாவுக்குள் இருக்கும். டிஸ்க்குக்கும் டப்பா சுவருக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி. அதில்தான் திரவம். டப்பாவின் ஓரத்தில் செம்புக் கம்பிக் காயில். காயிலில் கரண்ட் பாய்ந்தால் திரவம் உறைந்து டிஸ்க்கைப் பிடிக்கும். கரண்ட்டைக் கூட்டினால் பிடி இறுகும், குறைத்தால் தளரும்.

இதன் கவர்ச்சி வேகத்தில் இருக்கிறது. பழைய முறையில் மிதித்த பிறகு அழுத்தம் ஏறச் சற்று நேரம் ஆகும். அது 0.2 செகண்ட் என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் 3.3 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்த 3.3 மீட்டர் எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் நேரடியாகக் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால், சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். போன்ற வசதிகளையும் எளிதாகச் சேர்க்கலாம்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். கீழ்க்காணும் மதிப்புகளை ஒரு செல்லுக்கு ஒன்றாக, ஒன்றன் கீழ் ஒன்றாக அமைத்திடவும்.

1. டிஸ்க்கின் வெளி ஆரம்: 0.12 மீட்டர்
2. திரவம் தொடங்கும் உள் ஆரம்: 0.06 மீட்டர்
3. யீல்டு ஸ்ட்ரெஸ்: 40,000 பாஸ்கல்
4. திரவம் படும் முகங்கள்: 2 (ஒரு டிஸ்க்குக்கு இரண்டு பக்கம்)
5. திரவத்தின் பாகுநிலை: 0.1
6. சக்கரம் சுழலும் வேகம்: செகண்டுக்கு 59.5 ரேடியன் (60 கிலோமீட்டர் வேகம், 0.28 மீட்டர் டயர் ஆரம்)
7. இடைவெளி: 0.001 மீட்டர்

முதலில் பிரேக் பிடிக்கும் டார்க், அதாவது முறுக்கு விசை. வெளி ஆரத்தின் மும்மடியிலிருந்து உள் ஆரத்தின் மும்மடியைக் கழியுங்கள். அதை யீல்டு ஸ்ட்ரெஸ், முகங்களின் எண்ணிக்கை, 2.094 ஆகியவற்றால் பெருக்குங்கள். விடை சுமார் 253 நியூட்டன் மீட்டர் என வரும்.

அடுத்தது பிரேக் பிடிக்காதபோதும் இருக்கும் இழுவை. திரவம் ஓடும் நிலையிலும் எண்ணெய்தானே, கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். வெளி ஆரத்தின் நான்மடியிலிருந்து உள் ஆரத்தின் நான்மடியைக் கழியுங்கள். பாகுநிலை, வேகம், முகங்கள், 1.571 ஆகியவற்றால் பெருக்கி, இடைவெளியால் வகுத்திடுங்கள். 3.6 நியூட்டன் மீட்டர் வரும். அதை வேகத்தால் பெருக்கினால் 216 வாட். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து சுமார் 865 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து வைத்தபடியே கார் ஓட்டுவதற்குச் சமம்.

இனி தேவை எவ்வளவு என்று பாருங்கள். 1000 கிலோ எடையுள்ள சிறிய காரை செகண்டுக்குச் செகண்ட் 7 மீட்டர் வீதம் வேகம் குறைத்து நிறுத்த 7000 நியூட்டன் விசை வேண்டும். டயர் ஆரத்தால் பெருக்கினால் 1960 நியூட்டன் மீட்டர். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாயும் என்பதால் 70 சதவீதத்தை முன்சக்கரங்கள் ஏற்பதாகக் கொள்வோம். ஒரு முன்சக்கரத்துக்கு 686 நியூட்டன் மீட்டர் வருகிறது. நம்மிடம் இருப்பது 253.

இப்போது செல்களில் உள்ள எண்களை மாற்றி விளையாடுங்கள். வெளி ஆரத்தை 0.132 ஆக்கினால், அதாவது 10 சதவீதம் மட்டும் கூட்டினால், டார்க் 38 சதவீதம் ஏறுகிறது. மும்மடியின் வேலை இது. ஆனால் இழுவை 49 சதவீதம் ஏறிவிடும், அங்கே நான்மடி. ஆரத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. டிஸ்க்கைச் சுற்றிக் காயிலும் டப்பாவும் வேண்டும், அவ்வளவும் சக்கர ரிம்முக்குள் அடங்க வேண்டும்.

மூன்று டிஸ்க் போட்டால் 760 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். தேவையைத் தாண்டிவிட்டோம்! ஆனால் காந்தப்புலம் இப்போது இரண்டு இடைவெளிக்குப் பதில் ஆறு இடைவெளிகளைக் கடக்க வேண்டும். இடைவெளிகளுக்கு மட்டுமே காயில் மூன்று மடங்கு உழைக்க வேண்டும். எடை கூடும், இழுவையும் மூன்று மடங்காகும்.

ஆப்டிமைசேஷன்: நான் செய்த தப்பு

ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கெடும் இத்தகைய நிலையில், எல்லாவற்றுக்கும் பொருத்தமான அளவுகளைக் கம்ப்யூட்டரை விட்டுத் தேடச் சொல்வதுதான் ஆப்டிமைசேஷன். எக்ஸெல்லில் சால்வர் என்ற ஆட்-இன் இதைச் செய்யும். கால்க்கில் டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. அதன் ஆப்ஷன்ஸில் நேர்கோட்டுக் கணக்கு அல்லாத முறையைத் தேர்ந்தெடுத்திட வேண்டும். சால்வரிடம் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். எந்த செல்லை அதிகமாக்க வேண்டும், எந்தெந்த செல்களை மாற்றலாம், எந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

நான் "மொத்த டார்க்கை அதிகமாக்கு" என்றேன். இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று எல்லை வைத்தேன். சால்வர் யோசிக்கவே இல்லை, நேராக 0.1 மில்லிமீட்டரில் போய் நின்றது. டார்க் 300ஐத் தாண்டியது. எனக்கு ஒரே மகிழ்ச்சி.

நடந்தது என்ன? இடைவெளி குறைந்தால் அதே கரண்ட்டில் காந்தப்புலம் கூடும், அது நல்லது. ஆனால் "மொத்த டார்க்" என்ற செல்லில் எண்ணெய் இழுவையையும் நானே கூட்டி வைத்திருந்தேன். இழுவையும் டார்க்தானே என்று கம்ப்யூட்டர் அதையும் வளர்த்துவிட்டது. உங்கள் ஷீட்டில் இடைவெளியை 0.0001 ஆக்கிப் பாருங்கள். இழுவை பத்து மடங்காகி, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 8.6 கிலோவாட் ஆகும். பத்து இஸ்திரிப் பெட்டிகள்! பிரேக்கைத் தொடாமலேயே வண்டி பிரேக் போட்டபடி ஓடும். பேராசிரியர் கேட்ட ஒரு வரிக் கேள்வியின் பொருள் இதுதான்.

திருத்தம் சுலபமாக இருந்தது. உறையும் திரவத்தின் டார்க்கை மட்டும் அதிகமாக்கச் சொன்னேன். இழுவைக்கும் எடைக்கும் தனித்தனி எல்லை வைத்தேன். விடை அடியோடு மாறியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சால்வர் சில நேரம் பக்கத்தில் உள்ள சிறிய மேட்டில் ஏறி, அதுவே மலையுச்சி என்று நின்றுவிடும். இதற்குச் சிமுலேட்டட் அனீலிங் என்ற முறை இருக்கிறது. 1983ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வெளியிட்டது. பழுக்கக் காய்ந்த உலோகத்தை மெல்ல ஆறவிட்டால் அதன் அணுக்கள் ஒழுங்காக அமையும். அதுபோல, முதலில் மோசமான விடைகளையும் ஏற்று அங்குமிங்கும் அலையவிட்டு, போகப் போகக் கட்டுப்பாட்டை இறுக்குவார்கள். எளிய வழி வேண்டுமா? சால்வரை ஐந்தாறு வெவ்வேறு தொடக்க எண்களிலிருந்து ஓட்டுங்கள். எல்லாம் ஒரே விடையில் வந்து நின்றால் ஓரளவு நம்பலாம்.

காந்தப்புலத்தைப் படமாகக் காண

நாம் யீல்டு ஸ்ட்ரெஸ்ஸை 40,000 என்று எளிதாகப் போட்டுவிட்டோம். உண்மையில் டிஸ்க்கின் ஓரிடத்தில் காந்தம் பலமாக, இன்னோரிடத்தில் பலவீனமாக இருக்கும். இதைக் கண்டறியப் பைனைட் எலிமென்ட் முறை உதவும். பிரேக்கின் வெட்டுத் தோற்றத்தை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காந்தப்புலத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிடும். டேவிட் மீக்கர் உருவாக்கிய எப்.இ.எம்.எம். என்ற சாப்ட்வேர் இதற்கென்றே உள்ளது. இலவசம், விண்டோஸில் இயங்கும், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். காயிலுக்கு அருகே இரும்புச் சுவர் மெலிதாக இருந்தால் அங்கே காந்தக் கோடுகள் நெரிசலில் சிக்கி நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

பெரிய ஆய்வகம் என்ன சொன்னது?

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் கரகோச், பார்க், சுலேமான் ஆகியோர் கார்களுக்கான எம்.ஆர். பிரேக்கை முறையாக ஆராய்ந்து 2008ல் வெளியிட்டார்கள். திரவம், எஃகு, சீல், காயில் கரண்ட் என ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தார்கள். காந்தம், வெப்பம் இரண்டையும் பைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்டு, ஆப்டிமைசேஷன் நடத்தி, உண்மையான பிரேக்கையே செய்து சோதித்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னதும் சோதனையில் கிடைத்ததும் நன்றாகவே ஒத்துப்போயின.

ஆனால் கிடைத்த டார்க், சாதாரண ஹைட்ராலிக் பிரேக்கைவிட மிகக் குறைவு. பிரேக்கின் அடிப்படை அமைப்பையே மாற்றினால்தான் காருக்கு உதவும் என்று அவர்களே எழுதினார்கள். இது தோல்வி அல்ல. இருக்கும் அமைப்பில் இதற்கு மேல் போகாது என்பதைத் தெளிவாகச் சொல்வதும் ஆப்டிமைசேஷனின் பயன்தான். இல்லாவிட்டால் இன்னும் பத்துப் பேர் அதே அமைப்பில் பிரேக் செய்து, பணத்தைச் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

2010ல் கொரியாவின் இன்ஹா பல்கலைக்கழகத்தில் நுயென், சோய் இருவரும் பிரேக்கின் அளவுகளோடு, கரண்ட் இல்லாதபோது உண்டாகும் உராய்வு வெப்பத்தையும் ஆப்டிமைசேஷனில் சேர்த்தார்கள். நான் மறந்த அதே விஷயம்!

வெப்பமும் மின்தடையும்

60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள நமது 1000 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 1,39,000 ஜூல். நிறுத்தும்போது இது முழுவதும் வெப்பமாகும். ஒரு முன்சக்கரத்தின் பங்கு 35 சதவீதம், அதாவது சுமார் 48,600 ஜூல். மூன்று டிஸ்க் பிரேக்கில் உள்ள திரவம் சுமார் 600 கிராம்தான். வெப்பம் முழுவதையும் திரவமே ஏற்றால் ஒரே நிறுத்தத்தில் சுமார் 100 டிகிரி ஏறிவிடும். எஃகு டிஸ்க்கும் டப்பாவும் பங்கு போட்டுக்கொள்வதால் உண்மையில் இவ்வளவு ஏறாது. ஆனால் மலைப்பாதையில் இறங்கும்போது அடுத்தடுத்துப் பிரேக் போட்டால்? சாதாரண டிஸ்க் திறந்த காற்றில் சுழன்று ஆறும். நம் திரவமோ மூடிய டப்பாவுக்குள் கிடக்கிறது. கடையில் கிடைக்கும் திரவங்கள் பலவும் 130 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்.

மற்றொன்று, கரண்ட். பாட்டரி இணைப்பு அறுந்தால் இந்தப் பிரேக் வெறும் எண்ணெய் டப்பா. எனவே நிலைக்காந்தமோ தனி மெக்கானிக்கல் பிரேக்கோ துணைக்குக் கட்டாயம் வேண்டும். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைக்கிறோம். பிரேக்குக்கு வைக்காமல் இருக்க முடியுமா?

எங்கே வெற்றி பெற்றது?

குறைந்த விசை போதும், நுட்பமான கட்டுப்பாடு வேண்டும் என்ற இடங்களில் எம்.ஆர். திரவம் நன்றாக வேலை செய்கிறது. 2002ல் காடிலாக் செவில் எஸ்.டி.எஸ். காரில் மேக்னரைடு என்ற பெயரில் ஷாக் அப்சார்பருக்குள் வந்தது. பிறகு பல கார்களுக்குப் பரவியது. ஓஸர் நிறுவனத்தின் ரியோ நீ என்ற செயற்கை முழங்காலில் பல தட்டுகள் கொண்ட எம்.ஆர். பிரேக்கே இருக்கிறது. நடக்கும் வேகத்துக்கு ஏற்ப மைக்ரோபிராசஸர் கரண்ட்டை மாற்ற, முழங்கால் இறுகித் தளரும். காரை நிறுத்தப் போதாத பிரேக், ஒரு மனிதர் விழாமல் நடக்கப் போதுமானதாக இருக்கிறது.

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

சால்வரைக் கொண்டு பிரேக்கை மட்டுமல்ல, வீட்டுக் கடன் தவணையையும் கடைச் சரக்குக் கணக்கையும்கூடப் போடலாம். எதுவானாலும் விடையை நம்பும் முன் இந்த மூன்றையும் கவனியுங்கள்.

1. எதை அதிகமாக்கச் சொன்னீர்கள்? வேண்டாத ஒன்று அந்த செல்லில் கலந்திருக்கிறதா?
2. விடை ஏதாவது ஒரு எல்லையில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் அந்த எல்லையை ஏன் வைத்தீர்கள் என்று மறுபடி யோசியுங்கள்.
3. அந்த விடையை அப்படியே நடைமுறைப்படுத்தினால் மற்ற நேரங்களில் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்வி என் பேராசிரியருடையது. இப்போது நான் எழுதுவது பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாத சாப்ட்வேர். இருந்தாலும் ஒவ்வொரு புரோகிராமையும் கொடுப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்: பிரேக்கை மிதிக்காதபோது இந்த வண்டி ஓடுமா?